கரைவெட்டி ஏரிக்கரையில் நான் கொளுத்திய சூடம்

போன தை மாதம், பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வாத்து பார்ப்பதற்காகக் குடும்பத்தோடு கரைவெட்டி ஏரிக்குப் போனோம். போய் வந்து இத்தனை நாள் கழித்து எழுதுவதற்கு இரண்டு காரணம். விரல் வீங்கியிருந்தது பாதி, வெட்கம் பாதி. விரல் சரியாகிவிட்டது.

வாத்து யோசனை என் மகள் யாழினியுடையது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தலையில் இரண்டு கறுப்புப் பட்டை உள்ள ஒரு வாத்து, இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலையையே தாண்டிப் பறந்து வந்து நம்ம பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் இறங்குகிறது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு.

"வாத்து பாக்க எதுக்கும்மா அவ்வளவு தூரம்? நம்ம துறைமங்கலம் ஏரியிலயே மேயுமே" என்றேன்.

"அது முட்டைக்கு வளக்குற வாத்துப்பா" என்று சொல்லிவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். பத்தாவதை இரண்டு தவணையில் பாஸ் பண்ணியவனை ஏழாவது படிக்கிறவள் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது, எங்கே போனாலும் பஸ்தான். பஸ்ஸில் நின்று நின்று கால் வலித்துப் போய், மார்கழியில்தான் ஒரு பழைய வேன் வாங்கினேன். எனக்கு முன்னால் மூன்று பேர் கையில் இருந்த வண்டி. அதில் ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்பான் என் மச்சான் பிரபு. மனைவி சுமதியின் தம்பி. டிரைவிங் அவன்தான், கிண்டலும் அவன்தான்.

யாழினியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு தேனீ அவளைக் கொட்டியது. ஒரே ஒரு தேனீ. கால் மணி நேரத்தில் முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். "சில உடம்புக்கு இது ஒத்துக்காது. அடுத்த தடவை இதைவிட வேகமா போகலாம். கொட்டாம பாத்துக்குங்க, கொட்டுனா ஒரு நிமிஷம்கூட தாமதிக்காதீங்க" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு வாசலில் ஒரு வண்டு பறந்தாலும் சுமதி துடைப்பத்தோடு நிற்பாள்.

இனி பயணம். காலை ஆறுக்குக் கிளம்புவதாகத் திட்டம். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு என்று சுமதி கட்டி முடிக்கவும், வேன் ஸ்டார்ட் ஆகவும், பதினொன்று ஆகிவிட்டது. பெட்ரோல் ஆயிரம் ரூபாய்க்குப் போட்டோம். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வரும். பின்னால் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை அடித்த மாதிரி போய் இறங்குவீர்கள். அரியலூரில் ஒரு டீ குடித்துவிட்டு தஞ்சாவூர் ரோட்டைப் பிடித்தோம். கீழப்பழுவூர் தாண்டியதும் திருமானூருக்கு முன்னாலேயே வலது பக்கம் திரும்ப வேண்டும். நாங்கள் நேராகப் போய்விட்டு, கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டுத் திரும்பி வந்தோம். அந்தச் சுற்றையும் சேர்த்து வீட்டிலிருந்து ஏரிக்கரை வரை 63 கிலோமீட்டர். மீட்டரை நம்பினால்.

போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. நுழைவுக் கட்டணம் என்று யாரும் கேட்கவில்லை. ஏரி என்றால் நம்ம ஊர் ஏரிதானே என்று நினைத்துப் போனேன். இது கடல் மாதிரிக் கிடக்கிறது. தண்ணீருக்குள்ளேயே கருவேல மரங்கள் காடாக நிற்கின்றன, இடுப்பளவு முங்கியபடி. ஒவ்வொரு மரத்திலும் துணி காயப்போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். கரை மேலே வண்டி நிறுத்த அகலமான ஒரு இடம், அங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஏறிப் பார்க்க ஒரு கோபுரம். வேனுக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒரு மதகு. அதன்மேல் ஆள் நடக்கலாம், வண்டி போகாது. மதகு ஓரத்தில் ஒற்றைப் பனைமரம். காய்ந்த ஓலைகள் வெட்டாமல் கழுத்தைச் சுற்றித் தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைகிற இடத்தில் ஒரு பலகை. சத்தம் போடாதீர்கள், பிளாஸ்டிக் போடாதீர்கள், தீ மூட்டாதீர்கள். சத்தமாகவே படித்தேன். பிரபுவின் பீடிக் கட்டைக்கூட வாங்கி வேனுக்குள் போட்டுப் பூட்டினேன்.

சாப்பிட்டுவிட்டு யாழினி கோபுரத்தில் ஏறினாள். படம் எடுக்க அம்மாவின் போனை வாங்கிக்கொண்டாள். நானும் ஒரு நடை ஏறிப் பார்த்தேன். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை என்று அவள் காட்டினாள். எனக்கு எல்லாம் கொக்குதான். அவள் தேடி வந்த வாத்துகள் மட்டும் ஏரியின் அந்தக் கோடியில் புள்ளி புள்ளியாக இருந்தன. "சாயங்காலம் பறக்கும்பா, அதுவரைக்கும் இருப்போம்" என்றாள். சரி என்று இறங்கி வந்துவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

வண்டி வாங்கினால் எங்கள் பக்கம் முதல் நெடும்பயணத்துக்கு முன் சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் நிறுத்தி பூஜை போடுவது வழக்கம். அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும், எனக்குக் கடையும் அந்த நாட்களில்தான் திறந்தாக வேண்டும். அதனால் பூஜை தள்ளிக்கொண்டே போனது. மாவட்டம் தாண்டி வந்தாயிற்று, எலுமிச்சம்பழமும் சூடமும் வண்டியிலேயே கிடக்கின்றன, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், பிரேக் வேறு சந்தேகம். மணி நாலே கால் இருக்கும். நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தேன். காற்று அடித்ததால் மதகுச் சுவரின் மறைவில், பனைமரத்தடியில், ஒரு கட்டிச் சூடத்தை வைத்துக் கொளுத்தினேன்.

பலகையைப் படித்துவிட்டு எப்படிக் கொளுத்தினாய் என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், சூடம் என்பது நெருப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பீடி நெருப்பு, அடுப்பு நெருப்பு. சூடம் சாமி காரியம். எங்கள் ஊரில் பத்துப் பேரைக் கேளுங்கள், ஒன்பது பேர் இப்படித்தான் சொல்வார்கள்.

காற்று சுழன்றது. கீழே கிடந்த காவோலை ஒன்று பற்றிக்கொண்டது. பதறிப்போய்ச் செருப்பால் மிதித்தேன். தீ அணைந்தது, புகை அணையவில்லை. கெட்டியான வெள்ளைப் புகை மரத்தோடு ஒட்டி மேலே ஏறி, அந்த ஓலைத் தாடிக்குள் நுழைந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சுமை ஏற்றிய மோட்டார் ஓடும்போது ஒரு உறுமல் வருமே, அப்படி.

கதண்டு. தெரியாதவர்களுக்கு: குளவிக்குப் பெரியப்பா. பனைமரத்தில் கூடு கட்டும். நாலைந்து சேர்ந்து கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

முதல் கொட்டு காதில். பழுக்கக் காய்ச்சிய ஈயத்தை ஒரு சொட்டு விட்ட மாதிரி. கழுத்தில், பிறகு கையில். ஓடியதில் ஒரு செருப்பு மதகிலேயே போயிற்று. பிரபு கதவை இழுத்து என்னை உள்ளே தள்ளினான். கண்ணாடிகளை ஏற்றினான். அப்போதுதான் சுமதி கேட்டாள், சத்தமே இல்லாமல்.

"யாழினி எங்க?"

கோபுரத்தில். நடுவே மதகு, மதகு ஓரத்தில் பனைமரம், மரத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு சுழல்.

சுமதி கதவுக்குப் பாய்ந்தாள். பிரபு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து யாரோ வேனை டமடமவென்று தட்டினார்கள். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் ஒரு ஆட்டுக்குட்டியோடு, ஒரு அம்மா. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். கதவைத் திறந்து உள்ளே இழுத்து மூடினோம்.

"ஏன் சார், பனமரத்துக்கு ஆரத்தி காட்டுனீங்களா?" மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "பாக்க படிச்ச ஆளாட்டம் இருக்கீங்க."

"பாக்க மட்டுந்தான்க்கா" என்றான் பிரபு.

"எம் புள்ள மேல இருக்குக்கா" என்றாள் சுமதி. "அதுக்கு ஒண்ணு கொட்டுனாலே ஆகாது. போன வருசம் மூச்சே நின்னுபோச்சு."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. கோபுரத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எறங்கச் சொல்லாதீங்க. எறங்குனா மதகு வழியாத்தான் வரணும். புள்ள மேல இருக்கறது இன்னும் அதுங்களுக்குத் தெரியல."

யாழினிக்குப் போன் போட்டேன். எடுத்தாள்.

"அப்பா, என்னப்பா கீழ?"

"ஒண்ணும் இல்லடா. கொஞ்சம் பூச்சி பறக்குது. நீ தரையில உக்காந்துக்க. சுவத்துக்குக் கீழ தலை இருக்கணும். துப்பட்டாவ முகத்தைச் சுத்திப் போத்திக்க. கைய காலை ஆட்டாத."

"கதண்டா?"

"யாரு சொன்னா? ஈ மாதிரி ஒரு பூச்சி."

"உன்னக் கொட்டிச்சாப்பா?"

"என்னையா? கிட்ட வந்தா அதுக்குத்தான் மூக்கு ஒடையும்" என்றேன். காது அதற்குள் வடை அளவுக்கு வீங்கியிருந்தது.

"சரிப்பா. எனக்குப் பயமா இல்லப்பா" என்றாள்.

பிரபு 108-க்குப் போன் செய்தான். ஆம்புலன்ஸை சைரன் போடாமல் ஊர்ப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள் என்று அஞ்சலை அக்கா சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னான். கூடு அழிக்க இருட்டிய பிறகுதான் ஆள் வர முடியும் என்று தீயணைப்பு நிலையத்தில் சொன்னார்கள். பிறகு பிரபு போனில் எதையோ தேடிப் படித்தான்.

"மாமா, கதண்டு வந்தா ஓடணும்னு போட்டிருக்கு."

"மேலேருந்து எங்கடா ஓடுறது? ஏரியிலயா?"

"அப்ப வேன எடுத்து மதகு வரைக்கும் போயி, ஹாரனை அடிச்சு இந்தப் பக்கம் இழுப்பமா?"

"இந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா கதண்டு என்ன, கூழைக்கடாவே வந்து கொட்டும்" என்றாள் சுமதி. அழுதுகொண்டேதான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடியில் அவை வந்து மோதின. டொக், டொக் என்று கல் விழுகிற மாதிரி. உள்ளே ஐந்து உயிர், ஆட்டுக்குட்டியைச் சேர்த்து. வெயில் நேராக அடித்தது. கண்ணாடியை இறக்க முடியாது. குட்டி என் மடியில் புழுக்கை போட்டது. "ராசி" என்றார் அஞ்சலை அக்கா. அவருடைய ஆடுகள் கரையெல்லாம் சிதறிக் கத்திக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்காமல் இருக்க அவர் படும் பாடு எனக்குத் தெரிந்தது.

"இருட்டுனா அடங்கிரும் சார். அதுவரைக்கும் புள்ள தாங்குமா?"

மணி நாலே முக்கால். இருட்ட இன்னும் ஒன்றே கால் மணி நேரம்.

போனை வைக்கவில்லை. கதை சொன்னேன், வகுப்பு வாத்தியார்களைக் கிண்டல் செய்தேன், அவள் கேட்டுக்கொண்டே இருந்த சைக்கிளுக்குச் சம்மதம் சொன்னேன். "ம்" என்பாள், "சரிப்பா" என்பாள். நடுநடுவே "எனக்குப் பயமா இல்ல" என்பாள். ஐந்து மணி தாண்டியதும் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை.

"யாழினி?"

மூச்சுச் சத்தம் மட்டும்.

"யாழினி, பேசும்மா."

ஒன்றும் இல்லை. மூச்சு இருந்தது. சின்னதாக, மேலாக, இழுத்து விடாமல். சுமதி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். அவளும் பேசவில்லை. அந்த மூச்சு இழுப்பாக மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அது எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையில் நேரம் சொல்ல முடியாத இடம் அது ஒன்றுதான். கதவுப் பிடியில் என் கை இருந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் திறந்திருப்பேன்.

"ம்" என்றாள். "சொல்லுப்பா."

"ஏன் பேசல?"

"சும்மாதான்."

வெயில் இறங்கியது. கண்ணாடியில் மோதும் சத்தம் குறைந்தது. மரத்தைச் சுற்றியிருந்த சுழலும் சிறுத்துக்கொண்டே வந்தது. ஆனாலும் பறந்துகொண்டுதான் இருந்தன. ஐந்தே முக்கால் இருக்கும், யாழினி கிசுகிசுத்தாள்.

"அப்பா. கிளம்பிருச்சு."

"எது? எந்தப் பக்கம்?"

"வாத்துப்பா. எல்லாம் மொத்தமா கிளம்பிருச்சு. என் தலைக்கு மேலதான் வருது."

வேனுக்கு மேலேயும் வந்தன. கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தோம். வரிசை வரிசையாக, கூப்பாடு போட்டுக்கொண்டு, வயல் பக்கம் போயின. இவ்வளவு தூரம் வந்தது அதைப் பார்க்கத்தான். நான் வாத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தில் கதண்டு மறுபடி கிளம்புமா என்று மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பவில்லை.

ஆறு மணிக்கு எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது, கண் இருட்டியது. இன்னும் காத்திருந்தால் நான் பயன்பட மாட்டேன் என்று தோன்றியது. யார் போவது என்று வேனுக்குள் சண்டை. சுமதி நான் என்றாள், பிரபு நான் என்றான். "எனக்கு ஏற்கெனவே கொட்டியாச்சு. சுத்தமா இருக்கிற ஆள எதுக்குக் கெடுக்கணும்?" என்றேன். உட்காருவதற்காகக் கொண்டு வந்த ஜமுக்காளத்தைத் தலை முதல் கால் வரை போர்த்தினார்கள். கண்ணுக்கு மட்டும் ஓட்டை. புளியோதரை வாசனை.

"ஓடாதீங்க சார். தரையை அதிராம நடங்க. கைய வீசாதீங்க" என்றார் அஞ்சலை அக்கா.

அந்த நூறடி தூரத்தை என்னால் விவரிக்க முடியாது. ஓட வேண்டும் என்று உடம்பில் ஒவ்வொரு நரம்பும் சொல்கிறது. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் முள். மதகின் மேல் மரத்துக்கு நேர் கீழே போகும்போது தலைக்கு மேலே அந்த உறுமல், மெல்ல. ஜமுக்காளத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் கனம் தோளில் தெரிந்தது. நடந்தேன்.

கோபுரத்தில் ஏறினேன். யாழினி மேல் படி முனையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். சேர்த்து அணைத்துப் போர்த்திக்கொண்டேன்.

"ஓடலாமாப்பா?"

"ஓடக் கூடாது. கல்யாணப் பொண்ணு மாதிரி நட."

"நீ என் கால மிதிக்காம வா."

மதகைத் தாண்டினோம். வேனின் கதவைச் சுமதி சத்தமில்லாமல் இழுத்தாள். பாதியில் வழக்கம்போலச் சிக்கிக்கொண்டது. அந்தப் பாதிக்குள் பிள்ளையை முதலில் நுழைத்தேன், பிறகு நான். கதவு மூடியது.

ஜமுக்காளத்தை விலக்கினால், அதன் மடிப்பில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. யாழினியின் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில். நாங்கள் ஆம்பிளைகள் இரண்டு பேரும் கல்லாகிவிட்டோம். சுமதி தயிர்சாத டப்பாவை எடுத்து, நிதானமாக, அதன் மேல் கவிழ்த்தாள். கவிழ்த்ததோடு இல்லை, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வண்டிய எடுடா" என்றாள். பிரபு எடுத்தான். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. ஊர்ப் பக்கம் ஆம்புலன்ஸ் வரை டப்பாவிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

அஞ்சலை அக்கா அங்கேயே இறங்கிக்கொண்டார். ஆடுகள் அதற்குள் தாங்களாகவே வீட்டுக்குப் போய்விட்டிருந்தன. ஒன்றுக்கு மட்டும் மூஞ்சி வீங்கியிருந்ததாக மறுநாள் போனில் சொன்னார். "உங்க வூட்டுக்காரரு காது மாதிரியேதான் இருக்கு" என்றாராம் சுமதியிடம்.

அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் யாழினியை முழுக்கச் சோதித்தார்கள். ஒரு கொட்டுகூட இல்லை. எனக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாப்பா?"

"லேசா."

"காதுல ஒண்ணு, கழுத்துல ரெண்டு, கையில ஒண்ணு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மேலேருந்து பாத்தேன்ல. நீ குதிச்சது, செருப்பு போனது, எல்லாம்."

கோபுரத்தில் நிற்கிறவளுக்குக் கீழே நடப்பது தெரியும் என்பது, ஒன்றேகால் மணி நேரம் விடாமல் பொய் சொன்ன எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்புறம் ஏன் கொட்டிச்சான்னு கேட்ட?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான்."

"நடுவுல பேசாம இருந்தியே?"

"ஒண்ணு வந்து துப்பட்டா மேல உக்காந்துச்சு. கண்ணுக்கு நேரா. அதுவா போற வரைக்கும் இருந்தேன்."

"ஏம்மா சொல்லல? பயமா இல்லயா?"

"இருந்துச்சு. சொன்னா நீ கதவத் தொறந்துட்டு வந்துருப்ப" என்றாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கழுத்து வலி என்று நர்ஸிடம் சொன்னேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: தாராளமாகப் போங்கள், நல்ல இடம். மார்கழியும் தையும் சரியான மாதங்கள். எங்களைப் போல மதியம் போகாமல் விடியற்காலையில் போங்கள், வாத்துகள் வயலிலிருந்து திரும்புமாம். பஸ்ஸில் வருகிறவர்கள் கீழப்பழுவூரில் இறங்கி ஆட்டோ பேசிக்கொள்ளலாம். சாப்பாடும் தண்ணீரும் கையில் கொண்டுபோங்கள், கரையில் கடை இல்லை. ஷாம்பு, சென்ட், பூ எதுவும் வேண்டாம், வாசனைக்குப் பூச்சி வரும். ஏறுவதற்கு முன், நிற்பதற்கு முன், மரத்தை அண்ணாந்து பாருங்கள். பூச்சிக் கடி ஒத்துக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருந்தால், கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக் கையில் என்ன மருந்து வைத்திருக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் இப்போதுதான் கேட்டோம். கொட்டிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரி.

சூடம் நெருப்புதான். ஏரிக் காவலைப் பார்க்கும் வனத்துறைக்காரரிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். திட்டினார். இவ்வளவு நேரம் ஒருவர் மூச்சு விடாமல் திட்ட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு வார்த்தைக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. மேலே இருக்கும் பிள்ளையிடம் போனில் 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்று சொல்வதற்கு முன்னால், அவள் எங்கே நிற்கிறாள் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.